மூன்றாம் சாட்சியின் ஞாபகம்

புதிதாகக் கட்டிய நூலகத்தின் கூரை இடிந்து விழுந்து இரண்டு பேர் செத்துப்போனார்கள். மறுநாள் காலையிலேயே அரசு ஒரு விசாரணை ஆணையத்தை அமைத்துவிட்டது. இடிபாட்டை அள்ளி முடிக்கப் பதினோரு நாள் ஆனது. ஆணையத்துக்கு நாற்காலிகள் ஒரே பகலில் வந்து இறங்கின. தலைவருடைய நாற்காலிக்கு மட்டும் முதுகு இரண்டடி கூடுதல். அதன்மேல் ஒரு வெள்ளைத் துண்டு போட்டிருப்பார்கள். அந்தத் துண்டைத் தினமும் மாற்றுவதற்கென்றே ஒரு ஊழியரை நியமித்திருந்தார்கள்.

மூன்று மாதத்தில் அறிக்கை தர வேண்டும் என்பது உத்தரவு. தலைவர் ஓய்வுபெற்ற நீதிபதி. அவசரம் என்பது அவர் குணத்திலேயே கிடையாது. ஒன்பது தடவை நீட்டிப்பு வாங்கினார். முதல் ஆறு மாதம் ஆணையத்தின் பெயர்ப்பலகையில் 'விபத்து' என்று போடுவதா, 'நிகழ்வு' என்று போடுவதா என்பதிலேயே போனது. 'நிகழ்வு' வென்றது. பிறகு சாட்சிகளைக் கூப்பிட ஆரம்பித்தார்கள். முதல் சாட்சி நூலகக் காவலாளி, கூரைக்கு அடியில் இருந்து உயிரோடு எடுக்கப்பட்டவர். அதில் அவருக்கு இடது காது போயிருந்தது. ஆகவே கேள்விகளை அவர் முழுமையாகக் காதில் வாங்கியிருக்க முடியாது என்று சொல்லி அவர் சாட்சியத்தைத் தள்ளிவிட்டார்கள். இரண்டாம் சாட்சி சிமெண்டு விற்றவர். அவர் சிமெண்டைப் பற்றி நாலு நல்ல வார்த்தை சொல்லிவிட்டுப் போனார்.

மூன்றாம் சாட்சிதான் நம் ஆள். அமைச்சரின் அந்தரங்க உதவியாளர். கட்சியில் அவரை டைரி என்று கூப்பிடுவார்கள். அவர் கையில் டைரி எதுவும் இருக்காது, எல்லாம் தலைக்குள்தான். அமைச்சருக்கு முகம் ஞாபகம் இருக்காது, பெயர் ஞாபகம் இருக்காது, கொடுத்த வாக்கு சுத்தமாக ஞாபகம் இருக்காது. யாராவது எதிரே வந்து நின்றால் அமைச்சர் தலையை இடது பக்கம் கட்டைவிரல் அகலத்துக்குச் சாய்ப்பார். பின்னால் நிற்கிற டைரி குனிந்து காதில் சொல்வார்: "வடக்கு வட்டச் செயலாளர். சர்க்கரை வியாதி. பெரிய பையன் கப்பல்ல வேலை." உடனே அமைச்சர், "வாய்யா, சர்க்கரை எப்படி இருக்கு? கப்பல்காரன் போன் பண்றானா?" என்பார். வந்தவர் அங்கேயே உருகிப்போவார். இருபத்திரண்டு வருடம் இப்படித்தான் அமைச்சர் மக்கள் மனதில் இடம்பிடித்தார்.

அந்தச் செவ்வாய்க்கிழமையும் டைரியின் தலைக்குள் பத்திரமாக இருந்தது. நூலகத்தின் திறப்பு விழாவுக்கு நாலு நாள் இருக்கும்போது இளநிலைப் பொறியாளர் ஒருத்தி, முப்பது வயதுகூட இருக்காது, ஒரு பச்சை உறையோடு அமைச்சர் வீட்டுக்கு வந்தாள். உள்ளே கடிதம், ஐந்து புகைப்படங்கள். வாசிப்பு அறையின் உத்தரத்தில் விரிசல் விட்டிருக்கிறது, திறக்காதீர்கள், திறந்தால் உயிர் போகும் என்று எழுதியிருந்தாள். டைரிதான் அவளைத் தன் நாற்காலியில் உட்காரவைத்து, உறையை வாங்கி உள்ளே கொண்டுபோனார். அமைச்சர் புகைப்படங்களைப் பார்த்தார். "விரிசல் நல்லாத் தெரியுதே. அந்த இடத்துல என் படம் பெருசா ஒண்ணு மாட்டச் சொல்லு" என்றார். அப்படியே மாட்டினார்கள். இரண்டு மாதம் கழித்துப் படமும் உத்தரமும் கூரையும் ஒன்றாகக் கீழே வந்தன.

அதன் பிறகு பச்சை உறை காணாமல் போனது. பார்வையாளர் பதிவேட்டைக் கரையான் அரித்துவிட்டது. மிகவும் படித்த கரையான் போலிருக்கிறது, அந்த ஒரு மாதத்தை மட்டும் தேர்ந்தெடுத்துத் தின்றிருந்தது. விரிசலைப் பார்த்தும் யாரிடமும் சொல்லாமல் கடமை தவறி இரண்டு உயிர்களைப் பலிகொடுத்தாள் என்று பொறியாளர்மேல் வழக்கு வந்தது. ஆணையம் அதை உறுதி செய்துவிட்டால் ஏழு வருடம் உள்ளே இருக்க வேண்டியதுதான். அவள் கடிதம் கொடுத்தாள் என்பதற்கு உலகத்தில் மீதி இருந்த ஒரே ஆதாரம் டைரியின் மண்டைதான்.

சம்மன் வந்த அன்றைக்கே அமைச்சர் அவரைக் கூப்பிட்டனுப்பினார். அமைச்சர் அப்போதுதான் தலைக்குச் சாயம் பூசி, தோளில் பழைய துண்டோடு உட்கார்ந்திருந்தார்.

"டைரி, நான் உன்னைப் பொய் சொல்லச் சொல்லல. அந்தப் பாவம் எனக்கு வேணாம். மறந்துடுன்னுதான் சொல்றேன். மறக்கறது மனுஷ சுபாவம்தானே?"

"சரிங்கய்யா. ஆனா அங்க சத்தியம் வாங்குவாங்களாமே?"

"வாங்கட்டுமே! சத்தியம் ரெண்டு நிமிஷம். விசுவாசம் இருபத்திரண்டு வருஷம். எது பெருசு? நீயே சொல்லு. நான் உனக்கு வீடு குடுக்கலையா? உன் பொண்ணுக்குக் காலேஜ்ல இடம் வாங்கித் தரலையா?" அமைச்சரின் கண் கலங்கியது, சாயத்தின் நெடியாகவும் இருக்கலாம். "ஒண்ணு பண்ணு. ஆணையத்துல உண்மையைச் சொல்ல மாட்டேன்னு என் தலைல அடிச்சுச் சத்தியம் பண்ணிக் குடு. எனக்கு உன் நேர்மைமேல அவ்வளவு நம்பிக்கை."

டைரி கையை நீட்டினார். "தொட்டுடாதே, காயல" என்று அமைச்சர் அலறினார். ஆகவே தலைக்கு ஒரு அங்குலம் மேலே, காற்றில் அடித்துச் சத்தியம் செய்துகொடுத்தார். வெளியே வந்தவருக்கு, ஆணையத்தில் உண்மை சொல்வேன் என்று செய்யப்போகிற சத்தியத்துக்கு எதிராக இங்கே ஒரு சத்தியம் செய்திருக்கிறோமே, இதில் எதை மீறினால் பாவம் குறைவு என்று யாரிடம் கேட்பது என்று தெரியவில்லை.

மறுநாள் கட்சி வக்கீல் அவரை மறதி வகுப்பில் கொண்டுபோய்ச் சேர்த்தார். கட்சி அலுவலகத்தின் மாடியில் நடந்தது. சொல்லிக்கொடுத்தவர் பதினான்கு ஆணையங்களில் சாட்சி சொல்லி, ஒன்றில்கூட ஒன்றையும் ஞாபகப்படுத்திக்கொள்ளாத பெரியவர். மறதி வாத்தியார் என்று அவருக்குப் பெயர். கட்சி அவருக்குப் பொன்னாடை எல்லாம் போர்த்தியிருக்கிறது.

"தெரியாதுன்னு மட்டும் சொல்லிடாதே தம்பி. தெரியாதுன்னா திமிரு. அப்ப யாருக்குத் தெரியும்னு அடுத்த கேள்வி வரும். ஞாபகம் இல்லைன்னா பணிவு. நமக்கு உடம்பு சரியில்லையோன்னு அவங்களே தண்ணி குடுப்பாங்க. எங்க, சொல்லு பாக்கலாம். காலைல என்ன சாப்பிட்ட?"

"ரெண்டு ரொட்டி, ஒரு முட்டை, அரை கப் காப்பி. மீதி அரை கப் என் வீட்டுக்காரி குடிச்சா."

"நாசமாப் போச்சு! ஞாபகம் இல்லைன்னு சொல்லு. கொஞ்சம் கூரையைப் பாரு. நெத்தியைத் தேய். முயற்சி பண்ற மாதிரி தெரியணும். தெரியாதுன்னு மட்டும் சொல்லிடாதே தம்பி, தெரியாதுன்னா..."

"ஐயா, அதை இப்பத்தான் சொன்னீங்க. மூணு நிமிஷம் முன்னால."

வாத்தியார் அவரைப் பரிதாபமாகப் பார்த்தார். "உனக்கு வியாதி ரொம்ப முத்திப்போச்சு" என்றார். எட்டு நாள் வகுப்பு நடந்தது. தினமும் சாயங்காலம் வாத்தியாரின் மகள் வந்து அவர் கையைப் பிடித்துக் கூட்டிப்போவாள். முப்பது வருடம் மறந்து மறந்து அவருக்குத் தன் வீட்டு வழியே மறந்துபோயிருந்தது. கடைசி நாள் அவள் டைரியைத் தனியாக அழைத்து, "சார், இதெல்லாம் ரொம்பப் பழகிக்காதீங்க. அப்பா என்னையும் யாருன்னு கேக்கறாரு" என்றாள்.

சாட்சி சொல்கிற நாள் வந்தது. ஆணையத்தின் அறையில் புது ஒலிபெருக்கி வைத்திருந்தார்கள். கூண்டில் மூச்சு விட்டால்கூடத் தாழ்வாரத்திலும் முற்றத்திலும் வாசல் டீக்கடையிலும் கேட்கும். வெளிப்படைத்தன்மை என்று அதற்குப் பெயர். இரண்டாவது வரிசையில் பொறியாளர் மடியில் ஒரு கோப்போடு உட்கார்ந்திருந்தாள். வேலை நீக்கம் செய்து இரண்டரை வருடம் ஆகியிருந்தது. ஆள் பாதியாக இளைத்திருந்தாள். டைரி அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

சத்தியம் வாங்குவதற்குத் தனியாக ஒரு குமாஸ்தா. பிளாஸ்டிக் உறையிட்ட அட்டையைப் பிடித்துக்கொண்டு வந்தார். அதற்கு முன் தலைவர் ஒரு சிற்றுரை ஆற்றினார்.

"சத்தியம்ங்கறது சாதாரண விஷயமில்ல. முப்பத்திநாலு வருஷம் நான் நீதிபதியா இருந்தேன். எத்தனையோ ஆயிரம் பேர் என் முன்னால சத்தியம் பண்ணிப் பொய் சொல்லியிருக்காங்க. ஆனா ஒருத்தர்கூட உக்காந்துக்கிட்டு சத்தியம் பண்ணல. எல்லாரும் எழுந்து நின்னுதான் பண்ணினாங்க. அந்த மரியாதையை நீங்களும் காப்பாத்தணும்."

டைரி எழுந்து நின்றார். நான் சொல்வதெல்லாம் உண்மை, உண்மையைத் தவிர வேறில்லை என்று சொன்னார். உச்சரிப்பு போதாது என்று குமாஸ்தா இரண்டாம் தடவை சொல்லவைத்தார். மூன்றாம் தடவைதான் திருப்தியாகி, 'சத்தியம் தரமாக இருந்தது' என்று ஒரு படிவத்தில் கையெழுத்துப் போட்டார். பிறகு ஆணைய வக்கீல் கேட்க ஆரம்பித்தார்.

"இந்தப் பெண்மணியை நீங்க பாத்திருக்கீங்களா?"

"ஞாபகம் இல்லைங்க."

"பச்சை உறை ஒண்ணை அவங்ககிட்டேர்ந்து வாங்கினீங்களா?"

டைரி கூரையைப் பார்த்தார், நெற்றியைத் தேய்த்தார். "ஞாபகம் இல்லைங்க."

இப்படிப் பதினொரு கேள்வி, பதினொரு தடவை ஞாபகம் இல்லை. பதினொரு தடவையும் அந்தச் செவ்வாய்க்கிழமை அவர் கண் முன்னால் அப்படியே வந்து நின்றது. அவள் நீலத் துப்பட்டாவின் ஓரத்தில் சுண்ணாம்பு ஒட்டியிருந்ததுகூடத் தெரிந்தது. தலைவர் அவரைப் பாராட்டினார். "ரொம்பத் தெளிவான சாட்சியம். முன்னுக்குப் பின் முரண் ஒண்ணுகூட இல்ல" என்றார்.

தாழ்வாரத்தில் பொறியாளர் அவரை வழிமறித்தாள். கட்சி வக்கீல் பக்கத்திலேயே நின்றிருந்தார்.

"சார், அன்னைக்கு உங்க நாற்காலியைக் குடுத்து உக்காரச் சொன்னீங்க. தண்ணி குடுத்தீங்க. 'கண்டிப்பாப் பாத்துப்பாரும்மா, தைரியமாப் போ'ன்னு சொன்னீங்க. அதாவது ஞாபகம் இருக்கா?"

"இல்லைங்க" என்றார் டைரி.

அந்த ஒரு வார்த்தைதான் அவரைக் கொன்றது. உள்ளே சொன்ன பதினொன்றும் சம்மனுக்காகச் சொன்னது. இதை யாரும் சத்தியம் வாங்காமல், யாரும் கேட்டு எழுதாமல், ஒரு பெண்ணின் முகத்துக்கு நேராகச் சொல்லியிருந்தார். வெட்கத்தில் அவருக்குக் காது சூடேறியது. வக்கீல் முதுகில் தட்டிக்கொடுத்து, "வெளியேகூட விடாமப் பிடிச்சீங்க பாருங்க, அதான் தொழில் சுத்தம்" என்றார்.

வீட்டில் மனைவி எல்லாவற்றையும் டி.வி.யில் பார்த்திருந்தாள். செருப்பைக் கழற்றும்வரை காத்திருந்தாள்.

"ஏங்க, பதினெட்டு வருஷம் முன்னால என் தங்கச்சி கல்யாணத்துக்கு உங்கம்மா என்ன கலர் புடவை கட்டிட்டு வந்தாங்க?"

"மாம்பழக் கலர். வலது பக்கம் காப்பி கொட்டியிருந்தது."

"ம். அது ஞாபகம் இருக்கு."

"இந்த வீடு அவர் குடுத்தது. பொண்ணு படிப்பு அவர் குடுத்தது. நான் என்ன பண்றது?"

"நான் ஒண்ணும் சொல்லலையே. வீடு நல்லாத்தான் இருக்கு. அந்தப் பொண்ணோட அம்மாவையும் டி.வி.ல காட்டினாங்க. என் வயசுதான் இருக்கும்." அதற்கு மேல் அவள் பேசவில்லை. மூன்று வாரம் பேசவில்லை. சாப்பாடு மட்டும் நேரத்துக்கு வந்தது, அதைத் தின்பதுதான் அவருக்குக் கஷ்டமாக இருந்தது.

மூன்று வாரம் கழித்து அமைச்சரே சாட்சி சொல்ல வந்தார். அவர் உள்ளே நுழைந்ததும் தலைவர் சட்டென்று எழுந்துவிட்டார். பிறகு நிலைமை உறைத்து, துண்டைச் சரிசெய்வதுபோல் கொஞ்ச நேரம் நின்று உட்கார்ந்தார். கூண்டில் அமைச்சருக்கு மட்டும் மெத்தை போட்டிருந்தார்கள். அவர் நின்றால் முட்டி வலிக்கும் என்பதால், உட்கார்ந்தபடியே சத்தியம் செய்யலாம் என்று அதே தலைவர் அனுமதித்தார். டைரி வழக்கம்போல அமைச்சருக்குப் பின்னால் போய் நின்றார். யாரும் தடுக்கவில்லை. இருபத்திரண்டு வருடமாக அந்த இடத்தில் ஒரு ஆள் நிற்பது எல்லோருக்கும் பழகிப்போயிருந்தது.

முதல் முக்கால் மணி நேரம் அமைச்சர் மக்கள் தொண்டைப் பற்றிப் பேசினார். பிறகு ஆணைய வக்கீல் பொறியாளரைக் காட்டி, "இவங்க உங்களை வந்து பாத்தாங்களா?" என்று கேட்டார்.

"தினம் நூத்துக்கணக்கானவங்க வர்றாங்க. எல்லாரும் என் குடும்பம் மாதிரி. இந்தப் பொண்ணு..." என்று அவளை ஏறிட்டுப் பார்த்தார் அமைச்சர். எதிரே ஒரு முகம், முகத்துக்குப் பெயர் இல்லை. அவர் தலை தானாக இடது பக்கம் கட்டைவிரல் அகலத்துக்குச் சாய்ந்தது.

டைரி தானாகக் குனிந்தார்.

"இளநிலைப் பொறியாளர்ங்கய்யா. விழாவுக்கு முன்னால செவ்வாய்க்கிழமை, காலைல பதினொண்ணே கால். பச்சை உறைல விரிசல் போட்டோ கொண்டுவந்த பொண்ணு. அந்த இடத்துல உங்க படத்தை மாட்டச் சொன்னீங்க."

புது ஒலிபெருக்கி காசுக்கு வஞ்சகம் செய்யவில்லை. அறையில், தாழ்வாரத்தில், முற்றத்தில், டீக்கடையில் எல்லாம் அந்தக் கிசுகிசு கணீரென்று கேட்டது. அதற்குள் அமைச்சரின் முகம் மலர்ந்துவிட்டது. இரண்டு கையையும் விரித்து, "அடடே, நம்ம பச்சை உறைப் பொண்ணு! செவ்வாய்க்கிழமை வந்தியே! விரிசல் எப்படிம்மா இருக்கு? படத்தை மாட்டச் சொன்னேனே, மாட்டிட்டாங்களா?" என்றார்.

டீக்கடைப் பக்கமிருந்து யாரோ விசிலடித்தது ஜன்னல் வழியாகக் கேட்டது.

கட்சி வக்கீல் துள்ளி எழுந்தார். "கனம் தலைவர் அவர்களே! அமைச்சர் இப்போ சொன்னது அவரோட சொந்த ஞாபகம் இல்ல. பக்கத்துல ஒருத்தர் சொன்னதைக் காதால கேட்டுச் சொன்னது. அதாவது கேள்விப்பட்ட சாட்சியம். சட்டப்படி செல்லாது!"

"சரி, சொன்னவர் சொன்னது?" என்று ஆணைய வக்கீல் இழுத்தார்.

"அவர் இன்னைக்குச் சத்தியம் பண்ணலையே! சத்தியம் பண்ணாதவர் பேசறது வெறும் சத்தம்தான்."

தலைவர் கண்ணை மூடிக்கொண்டு யோசித்தார். பிறகு தீர்ப்பளித்தார். "சொன்னவர் சத்தியம் பண்ணல. சத்தியம் பண்ணவர் கேட்டதைத்தான் சொன்னார். ஆகவே இந்த அறையில யாரும் எதுவும் சொல்லல. நாம யாரும் அதைக் கேக்கல. பதிவுல 'மின்சாரக் கோளாறால் இரைச்சல்' அப்படின்னு எழுதிக்குங்க."

அமைச்சர் நிம்மதியாக மூச்சு விட்டு, திரும்பி டைரியின் கையைத் தட்டிக்கொடுத்தார். மன்னித்துவிட்டார் என்று அர்த்தம். வீடு தப்பித்தது, வேலை தப்பித்தது. டைரி பேசாமல் நின்றிருந்தால் போதும், அந்தச் சத்தம் மின்சாரத்தின்மேல் போய்விடும். அவர் இரண்டாவது வரிசையைப் பார்த்தார். பொறியாளர் அழவில்லை, கத்தவில்லை. மடியில் இருந்த கோப்பின் நாடாவைக் கட்டிக்கொண்டிருந்தாள், வீட்டுக்குக் கிளம்புகிறவள்போல.

"ஐயா, எனக்கு மறுபடி சத்தியம் வாங்குங்க" என்றார் டைரி.

சத்தியக் குமாஸ்தா பதறிப்போனார். "ஒரு சாட்சிக்கு ஒரு சத்தியம்தான் சார். உங்களுக்கு ஏற்கெனவே ஆயிடுச்சு. படிவம் மூடியாச்சு."

"அப்ப அந்தப் படிவத்துல, நான் சொன்னது பொய்னு எழுதிக்குங்க. எனக்கு எல்லாம் ஞாபகம் இருக்கு. அன்னைக்கு நான் சொன்னது பொய்."

இதற்குப் பிறகு நடந்ததைப்போல ஒரு விசாரணை எந்த ஊரிலும் நடந்திருக்காது. சாட்சி தன்னைப் பொய்யன் என்றார். மற்ற எல்லோரும் அவரை உத்தமன் என்றார்கள். கட்சி வக்கீல் அவர் நேர்மையைப் பற்றி இருபது நிமிடம் பேசினார். "இவரை எனக்கு வருஷக்கணக்காத் தெரியும். பொய்ங்கறது இவர் வாயில வராது. ஞாபகம் இல்லைன்னு சொன்னா உண்மையிலேயே ஞாபகம் இல்லைன்னுதான் அர்த்தம். இப்பத்தான் மூளை குழம்பிப் பேசறார்!" அமைச்சர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "எங்கிட்ட வேலை பாத்த யாரும் பொய் சொல்ல மாட்டாங்க" என்றார். தலைவரும் குரலைத் தழைத்து, "இந்த ஆணையம் உங்களை யோக்கியர்னு சான்றிதழ் குடுக்கத் தயாரா இருக்கு. வாங்கிட்டுப் போங்களேன்" என்று கெஞ்சினார்.

"எனக்குச் சான்றிதழ் வேணாம். நான் பொய் சொன்னேன். அந்தப் பொண்ணு கடிதம் குடுத்தது நிஜம்."

"நிரூபிக்க முடியுமா?" என்றார் கட்சி வக்கீல். "ரெண்டரை வருஷத்துக்கு முந்தின விஷயம் ஒரு மனுஷனுக்கு ஞாபகம் இருக்கும்னு நிரூபிங்க பாப்போம். நாம ரெண்டு பேரும் கடைசியா ஐயா வீட்டுல எப்ப சந்திச்சோம்?"

"ஆறு வாரம் முன்னால, புதன்கிழமை. உங்க சட்டைல மேலேர்ந்து ரெண்டாவது பட்டன் இல்ல. ஐயாகிட்ட, 'கேஸ்ல நம்ம பக்கம் ஒண்ணுமே இல்ல, இவனை மறக்க வெச்சாத்தான் பிழைப்போம்'னு சொன்னீங்க."

வக்கீல் உட்கார்ந்துவிட்டார். தலைவர் குறுக்கிட்டார். "அது ஆறு வாரம். நல்ல ஞாபகசக்திக்கு ஆறு வாரம் போதாது. ஆணையம் இதை ஏத்துக்க முடியாது."

"அதுக்கு முந்தியும் இருக்குங்க. உங்களையே சொல்றேன். நூலகம் இடியறதுக்கு முந்தி, அதே வருஷம் ஜூன் மாசம் ஒன்பதாம் தேதி, நீங்க ஓய்வுபெற்று ஆறாவது நாள். ஐயா வீட்டு முன்னறையில ஜன்னலோரமா உக்காந்திருந்தீங்க. ஒரு மணி நேரம் காத்திருந்தீங்க. ரெண்டு தடவை எழுந்து கண்ணாடில தலை சீவிக்கிட்டீங்க. உள்ள போனதும் ஐயா கையைப் பிடிச்சுக்கிட்டு, 'வீட்டுல சும்மா உக்கார முடியலைங்க. பெருசா ஏதாவது இடிஞ்சு விழுந்தா என்னை மறந்துடாதீங்க'ன்னு..."

"போதும்!" தலைவர் மேசையைத் தட்டிய தட்டில் தண்ணீர் டம்ளர் உருண்டது. வெள்ளைத் துண்டு நழுவிக் கீழே விழுந்தது, அதற்கென்று இருந்த ஊழியர்கூட எடுக்கவில்லை. "மூன்றாம் சாட்சிக்கு மிக நல்ல ஞாபகசக்தி இருக்குன்னு இந்த ஆணையம் ஏத்துக்குது. முழுசா ஏத்துக்குது. மேல எந்த நிரூபணமும் தேவையில்ல. ஆகவே முதல் நாள் அவர் சொன்னது பொய்ச்சாட்சி. பச்சை உறை வந்தது உண்மை. சபை கலைஞ்சது!"

ஒன்பது நீட்டிப்பு வாங்கியவர் அன்றைக்கு ஒரு நிமிடத்தில் தீர்ப்புச் சொன்னார். அறிக்கை அடுத்த வாரமே வந்தது. பொறியாளர்மேல் குற்றம் இல்லை. அமைச்சர் படம் மாட்டச் சொன்னது நிஜம்தான், ஆனால் படம் மாட்டுவது குற்றம் என்று எந்தச் சட்டத்திலும் இல்லை. படத்தின் கனம் உத்தரத்தைப் பாதித்ததா என்று ஆராய இன்னொரு ஆணையம் தேவை. அதற்கும் அதே தலைவர். அறுநூற்று நாற்பது பக்க அறிக்கையில் குற்றவாளி என்று பெயர் போடப்பட்டவர் ஒரே ஒருவர், சத்தியம் செய்து பொய் சொன்ன டைரி. வழக்கு குற்றவியல் நீதிமன்றத்துக்குப் போனது. குற்றத்தை ஒப்புக்கொள்கிறீர்களா என்று கேட்டார்கள். ஒப்புக்கொள்கிறேன் என்றார். நாலு மாதம் கொடுத்தார்கள்.

நீதிமன்ற வாசலில் பொறியாளர் காத்திருந்தாள். கையில் அவளை மறுபடி வேலைக்குச் சேர்த்துக்கொண்ட உத்தரவு இருந்தது.

"முதல் நாளே சொல்லியிருந்தேன்னா மூணு வாரம் நீங்க தூங்கியிருப்பீங்கம்மா" என்றார் டைரி.

"ஆமா சார். தூங்கல" என்றாள் அவள். மன்னித்துவிட்டேன் என்று சொல்லவில்லை. ஆனால் அவர் பையை வாங்கிச் சிறை வண்டிவரைக்கும் தூக்கிக்கொண்டு வந்தாள்.

மனைவி வண்டிக்குப் பக்கத்தில் நின்றிருந்தாள். "வீட்டைக் காலி பண்ணச் சொல்லி நோட்டீஸ் வந்தாச்சு. எங்கண்ணன் வீட்டு மாடி காலியாத்தான் இருக்கு" என்றாள். பிறகு அவர் சட்டைக் காலரைச் சரிசெய்தாள். "நாலு மாசம்தானே, போயிட்டு வாங்க. இருபத்திரண்டு வருஷத்துல நீங்க வீட்ல இருந்த நாளைக் கூட்டினாலும் அவ்வளவுதான் வரும்." அன்றைக்கு மூன்று வாரம் பேசாமல் இருந்தவள் இப்படிப் பேசியதில் அவருக்கு அழுகையே வந்துவிட்டது.

சிறையில் பதிவு எழுதுகிற குமாஸ்தா தலை நிமிராமல், "என்ன கேஸ்?" என்றார்.

"சத்தியம் பண்ணிப் பொய் சொன்னேங்க."

குமாஸ்தா பேனாவைக் கீழே வைத்தார். "அதுக்கெல்லாமா உள்ள போடறாங்க?" பதிவேட்டைப் புரட்டினார். திருட்டுக்குக் கட்டம் இருந்தது, அடிதடிக்கு இருந்தது, கள்ள நோட்டுக்கும் இருந்தது. இதற்கு இல்லை. உள்ளே போய் ஜெயிலரைக் கூட்டிவந்தார். ஜெயிலர் அலமாரியைத் திறந்து பழைய பதிவேடுகளை எல்லாம் இறக்கிப் பார்த்தார், தும்மினார், தலையைச் சொறிந்தார்.

"நாப்பத்தாறு வருஷத்துல இந்தக் குத்தத்துக்கு ஒருத்தர்கூட வந்ததில்லையே."

"ஏன் சார், இத்தனை வருஷமா யாருமே சத்தியம் பண்ணிப் பொய் சொல்லலையா?" என்று குமாஸ்தா கேட்டார்.

"சொல்லாம இருப்பாங்களா? ஒத்துக்கிட்டவன்தான் எவனும் இல்ல" என்றார் ஜெயிலர்.

குமாஸ்தா ஸ்கேலை வைத்துப் பதிவேட்டில் புதிதாக ஒரு கட்டம் போட்டார். அதில் 1 என்று எழுதினார்.